இடுக்கிய கண்

ரெங்கராஜ் இடது கண்ணை மூடி, வலது கண்ணை இடுக்கிக்கொண்டு, தோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பெண்ணின் அம்மா பவுனம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். பாலக்கரையில் முப்பது வருஷம் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டி, "பார்த்தது போதும்" என்று போன தை மாதம் வேலையை விட்டவர். அவர் கண்ணை இடுக்கினால் கல்லின் ஜாதகமே தெரிந்துவிடும் என்று ஊரில் பேச்சு. மாப்பிள்ளையின் தோளில் கை போட்டபடி என்ன மிடுக்காக உள்ளே நுழைந்தார்!

தோட்டில் இருந்ததும் செயற்கை வைரம்தான். அசல் வைரம் கணவரின் வைத்தியத்துக்குப் போய்விட்டது, அவரும் போய்விட்டார். வைரத்தோடு போடுவதாக வாக்குக் கொடுத்தபோது இதைச் சொல்லப் பவுனம்மாளுக்கு வாய் வரவில்லை. இப்போது மகளின் கல்யாணம் அந்த ஒற்றைக் கண்ணில் தொங்கியது.

"என்ன தம்பி, இவ்வளவு நேரம்?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா வீரம்மாள். "கல்லு சரியில்லேன்னா இப்பவே சொல்லிடு. தட்டு மாத்தாம எந்திரிச்சிடலாம்."

"இரு அக்கா. அவசரப்பட்டா ஆகுமா?"

கண் இன்னும் சுருங்கியது. சந்தேகமா, ஏளனமா என்று தெரியாமல் பவுனம்மாள் தவித்தாள். காப்பியை எடுக்கப் போன அவர் கை டம்ளரைத் தட்டி உருட்டிவிட்டது. கோபம்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

ரெங்கராஜ் வேட்டியைத் துடைத்துக்கொண்டார். "அசல் வைரம்க்கா. ஒரு தோஷமும் இல்லை."

தட்டு மாறியது. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வாசலில் நின்ற குதிரை வண்டிக்குப் போனார்கள். ரெங்கராஜ் மட்டும் கூடத்திலேயே நின்றார்.

எதற்கு நிற்கிறார் என்று பவுனம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கைகூப்பினாள். கண்ணில் நீர் முட்டியது.

"போலிக் கல்லுன்னு தெரிஞ்சும் எம் பொண்ணைக் காப்பாத்திட்டீங்க அண்ணே. இந்த உதவியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ரெங்கராஜ் அவள் பக்கம் திரும்பி, மறுபடியும் கண்ணை இடுக்கினார்.

"போலியா?"

பவுனம்மாளுக்கு உயிரே போய்விட்டது. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாசலிலிருந்து வீரம்மாள் தம்பியைக் கூப்பிடும் குரல் கேட்டது.

அவர் கையை நீட்டிக் காற்றில் துழாவி, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாசப்படி வரைக்கும் கொண்டு விடுங்க தங்கச்சி. கல்லைப் பத்தி நான் அக்காகிட்ட சொல்ல மாட்டேன். எனக்குக் கண்ணு தெரியலைன்னு நீங்களும் சொல்லிடாதீங்க."