சுவரைத் தொட்ட பிறகு

"சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கிரிக்கெட்டை மாத்துங்க சார். உங்களுக்குத் தனியா இஞ்சி தட்டிப் போட்டு டீ தர்றேன்" என்று கெஞ்சினாள் நாராயணம்மா.

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் கேன்டீனில் டீ போடுகிறவள் அவள். டி.வி. ரிமோட், லைன் சூப்பர்வைசர் பாஸ்கரனின் சட்டைப் பையில் இருந்தது. சாமியிடம் வரம் வாங்கினாலும் வாங்கலாம், டீ நேரத்தில் பாஸ்கரனிடம் ரிமோட் வாங்க முடியாது.

"அப்படி என்னம்மா முக்கியமான சீரியலு?"

"சீரியல் இல்லீங்க சார். நீச்சல் போட்டி. ஃபைனல்ல நம்ம நாட்டுப் பொண்ணுங்க நீந்தறாங்களாம். எம் மக போன் பண்ணி, எப்படியாவது பாத்துடும்மான்னு சொல்லுச்சு."

"பெங்களூர் ஸ்கூல்ல டிரில் டீச்சரா இருக்குதே, அந்தப் பொண்ணாக்கா?" என்று கேட்டாள் அசெம்பிளி லைன் பூங்கொடி.

"அதேதான்."

"போடுங்க சார்! தெனமும் ஆம்பளைங்க ஓடறதத்தானே பாக்கறோம். இன்னிக்குப் பொம்பளைங்க நீந்தறதப் பாப்போம்."

பெஞ்சுகளில் இருந்த மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். லைனில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் டார்கெட்டை முடிக்க முடியாது. பாஸ்கரன் மனசே இல்லாமல் சேனலை மாற்றினார்.

நம் நாட்டிலேயே நடக்கும் பன்னாட்டுப் போட்டி அது. பெண்களுக்கான மெட்லி ரிலே. ஓர் அணிக்கு நாலு பேர், நாலு விதமான நீச்சல். ஒருத்தி வந்து சுவரைத் தொட்ட பிறகுதான் அடுத்தவள் மேடையிலிருந்து குதிக்க வேண்டும் என்றார் டி.வி.யில் பேசியவர்.

"நம்ம ஷிஃப்ட் மாதிரிதான். முன்னாடி இருக்கறவ மெஷின்ல இருந்து கையை எடுத்தாத்தான் நாம கை வைக்க முடியும்" என்றாள் பூங்கொடி.

விசில் அடித்தது. முதல் பெண் மல்லாந்து நீந்தினாள். கூரையைப் பார்த்துக்கொண்டே இவ்வளவு வேகமாக ஒருத்தியால் போக முடியுமா என்று பாஸ்கரனுக்கே ஆச்சரியம். அவள் மூன்றாவதாக வந்து சேர்ந்தாள். இரண்டாமவள் தவளை மாதிரி காலை உதைத்துப் போனாள். திரும்பி வரும்போது அவளுக்கு முன்னால் ஒருத்திதான் இருந்தாள்.

நாராயணம்மா டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கையில் டீ வடிகட்டி. வீட்டில் பேசும் தெலுங்கில், "நல்லா பாரு தாயி, நல்லா பாரு" என்று முணுமுணுத்தாள்.

தெலுங்கு தெரிந்த பூங்கொடி சிரித்தாள். "யாரக்கா பாக்கச் சொல்றே? நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். நீ கொஞ்சம் நகரு, மறைக்குது."

மூன்றாமவள் பாய்ந்தாள். இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கி வீசித் தண்ணீரைப் பிளந்துகொண்டு போனாள்.

"யப்பா, என்னா தோளு! இவ நம்ம லைனுக்கு வந்தா ரெண்டு நாள் வேலையை ஒரே நாள்ல முடிச்சிடுவா!"

"ஷ்ஷ்! சும்மா இரும்மா!" என்றார் பாஸ்கரன். அவர் எப்போது பெஞ்சின் மேல் ஏறினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசிப் பெண் குதிக்கும்போது நம் அணிதான் முதலில் இருந்தது. பக்கத்துப் பாதையில் வெளிநாட்டுக்காரி ஒருத்தி துரத்திக்கொண்டே வந்தாள். போகும்போது சமம், திரும்பும்போதும் சமம். கேன்டீனே எழுந்து நின்று கத்தியது. நம் பெண் கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள்.

"தங்கம்! தங்கம்டி!" பூங்கொடி பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டாள். யாரோ தட்டை எடுத்து டமடமவென்று அடித்தார்கள்.

பாஸ்கரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சே, இம்புட்டு நாளா இதைப் பாக்காம விட்டுட்டோமே! என்ன பொண்ணுங்கய்யா! நாலு பேரும் நாலு சிங்கம்!" என்றார்.

நாராயணம்மா மட்டும் கை தட்டவில்லை.

"ஏங்க்கா, உனக்கு சந்தோஷமா இல்லியா?"

"இருடி. முடிவை இன்னும் சொல்லலியே."

சொன்னார்கள். முடிவுப் பலகையில் முதலில் இருந்த இந்தியா, கண்ணெதிரே கடைசிக்கு இறங்கியது. இரண்டாமவள் சுவரைத் தொடும் முன்பே மூன்றாமவளின் கால் மேடையை விட்டு எழும்பிவிட்டதாம். அணியைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அந்த இடத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் கால் எழும்பியது உண்மை.

நம் பெண்கள் நீந்திய பாதைக்கு நேரே வெள்ளைச் சட்டை போட்ட நடுவர் ஒருத்தி கையை உயர்த்தியபடி நின்றாள். அரங்கமே அவளைப் பார்த்துக் கூச்சல் போட்டது. அவள் கையை இறக்கவில்லை. கேமரா அவள் முகத்துக்கு நெருங்கியது. நெற்றியில் சின்னதாகக் கறுப்புப் பொட்டு, சட்டைப் பையின் மேல் நம் நாட்டுக் கொடி.

"அடப்பாவி, நம்ம நாட்டுக்காரியா!" பாஸ்கரன் பெஞ்சிலிருந்து குதித்தார். "கண்டும் காணாம விட்டிருந்தா யாருக்குய்யா தெரியப்போகுது? வெளிநாட்டுக்காரன்கூட விட்டிருப்பான். கைக்கு வந்த தங்கத்தைத் தட்டி விட்டுட்டாளே! எவ வயித்துல பொறந்தவளோ இவ!"

நாராயணம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையில் நிறைந்திருந்த அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள்.

"என் வயித்துலதான் சார்" என்றாள்.