பஜாரில் பாப்பிங்

“காந்திமதிக்கா, உங்க சத்யப்பிரியா மெயின் பஜார்ல ரோட்டுல ஆடிக்கினு இருக்குது. கூட நாலு பசங்க. ஊரே போன்ல படம் புடிக்குது.”

பக்கத்து குவார்ட்டர்ஸ் வளர்மதி போனில் சொல்லி முடிப்பதற்குள் காந்திமதி செருப்பை மாட்டிவிட்டாள்.

பாப்பிங் கத்துக்கணும்னு மூணு மாசமாக மகள் அடம் பிடித்துப் போகிறாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும் ஆட்டம். அதைப் பார்த்தாலே காந்திமதி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சத்யப்பிரியாவுக்கு ஃபிட்ஸ் உண்டு. குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் எவன் கட்டுவான்?

“உசுரே போனாலும் யார்கிட்டயும் சொல்லாதடி.” தினமும் மகளுக்கு இதுதான் பாடம்.

கூட ஆடுகிற பசங்களோ குவார்ட்டர்ஸுக்கு வெளியே, மந்தாரக்குப்பம். அப்பன்களுக்கு கான்ட்ராக்ட் வேலை. போன வாரம் அவர்களில் ஒருத்தனான செங்குட்டுவனை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

“கிளப்புல குடிச்சிட்டு ஆடுறதாமே இது?”

“கிளப்புக்கு அப்புறம்தாம்மா போச்சு. காசில்லாத பசங்க தெருவுல ஆடி வளர்த்தது.”

“அப்ப எம்பொண்ணுக்கு எதுக்கு?” என்று கதவைச் சாத்தினாள்.

பஜாரில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நாலு பசங்களும் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்தார்கள். நடுவில் சத்யப்பிரியா. அவள் தலைக்குக் கீழே யாருடைய பையோ இருந்தது. ஜனம் விசிலடித்தது.

“மானத்தை வாங்கிட்டியேடி...” என்று பாய்ந்தவள் அப்படியே நின்றாள்.

பசங்க கையெல்லாம் பாட்டுக்கு வெட்டின. மகள் கை மட்டும் பாட்டுக்கு வெட்டவில்லை.

தொப்பென்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து கத்த வாயைத் திறந்தாள்.

செங்குட்டுவன் ஆடுகிற மாதிரியே உருண்டு அவள் காதருகே வந்தான்.

“கத்தாதீங்கம்மா. ரெண்டு நிமிஷம் ஆச்சு, அடங்கிக்கினு வருது. ஒருக்களிச்சுத்தான் படுக்க வெச்சிருக்கோம். எங்ககிட்ட மொத நாளே சொல்லிடுச்சு. அது விழுந்ததும் நாங்களும் விழுந்துட்டோம்.”

“ஐயோ, எல்லாரும் பாக்குறாங்களே...”

“டான்ஸுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. நீங்க அழுதாத்தான் தெரியும். கைதட்டுங்கம்மா.”