பாட்டிலில் காய்ந்த மண்

காந்தி ஜெயந்தியன்று பின்கதவைத் திறந்து ஒரு பாட்டில் கொடுத்ததற்காக மதலேனின் பாரை மூன்று மாதம் மூடப்போகிறார்களாம். மறுநாள் இடுகாட்டில் கிடந்ததென்று ஏட்டு கொண்டுவந்த அந்தப் பாட்டில் விசாரணை மேசையில் நின்றது. கழுத்தில் செம்மண் விரல்தடம் காய்ந்திருந்தது.

"தப்புதான் சார், இல்லேங்கல. ஃபைன் போடுங்க, கட்டுறேன். எதிர்க்கடைக்காரன் பள்ளிக்கூடப் பசங்களுக்கே ஊத்துனான், அவனுக்கு ஒரு வாரம். எனக்கு மூணு மாசமா?"

கலால் அதிகாரி நிமிரவில்லை. மொட்டையடித்த தலையில் முடி இப்போதுதான் அரும்பியிருந்தது.

"யாருக்கு வித்தீங்க?"

"விக்கல, சும்மா குடுத்தேன். குழி வெட்டுறவங்களுக்கு. அன்னைக்குக் கொட்டுற மழை. சரக்கு இல்லாம இறங்க மாட்டோம்னு நின்னுட்டாங்க. பொணம் நனையுதுன்னு செத்தவரோட மருமகன் வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு."

"எந்த மருமகன்? பேர் இல்லாம எப்படி எழுதுறது?"

மதலேனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதுவரை சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். பாட்டிலை எடுத்து, மண் ஒட்டிய பக்கம் அவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"உங்க அக்கா வீட்டுக்காரருதான் சார். இது உங்கப்பாவுக்கு வெட்டுன மண்ணு. இப்ப எழுதுங்க, மூணு மாசம்னு."