முதலில் ஜாம்

“இந்த வயசுல ஸ்கோனைக் காட்டி என் ஆளை இழுத்துக்கிட்டியே, வெக்கமா இல்லையாடி உனக்கு?”

மேவிஸ் போட்ட கத்தல் தெருமுனை சர்ச் வரை கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஈனிட் பதற்றமே இல்லாமல் ரோஜாச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

“நீதான் என்னை டீக்குக் கூப்பிடறதையே விட்டுட்டியே. சுட்டதெல்லாம் நான் ஒருத்தியே தின்ன முடியுமா? ஒருநாள் அவரைக் கூப்பிட்டேன். தினமும் வர்றது அவர் இஷ்டம்.”

அவர் என்றால் பாஸ்கோ. மனைவியை இழந்தவர். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கார்ன்வாலிலிருந்து வசந்தத்தில்தான் இந்த டெவன் கிராமத்துக்குக் குடிவந்தார். வந்த நாளிலிருந்து, நாலு மணி அடித்தால் மேவிஸ் வீட்டு ஜன்னலோர நாற்காலியில் ஆஜர்.

மேவிஸும் லேசுப்பட்டவள் இல்லை. உதட்டுக்குச் சாயம், பீங்கானில் பூப்போட்ட கோப்பை என்று அமர்க்களப்படுத்தினாள். டெவனில் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியைப் பிளந்தால் முதலில் க்ரீம், அதன் மேல்தான் ஜாம். கார்ன்வாலில் ஜாம்தான் முதலில். பாஸ்கோவுக்காக மேவிஸ் சத்தமில்லாமல் கட்சி மாறினாள். ஊருக்குத் தெரிந்தால் சர்ச்சில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

என்ன செய்து என்ன? அவள் சுட்டது கல். ஈனிட் சுட்டது பஞ்சு.

இப்போது தினமும் நாலு மணிக்கு மேவிஸ் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வயிறெரிந்தாள். பாஸ்கோ டை கட்டிக்கொண்டு ஈனிட் வீட்டுப் படியேறினார். ‘எனக்கு ஒருநாளாவது டை கட்டி வந்தாரா மனுஷன்?’

ஆகஸ்டில் ஒருநாள், போன வேகத்தில் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது, கழுத்தில் செருகிய துணியைக்கூட எடுக்கவில்லை. மேவிஸ் செருப்பில்லாமல் ஓடினாள்.

“என்னாச்சுங்க?”

“க்ரீமை அடியில தடவி, மேல ஜாமைக் கொட்டி நீட்டுறா! எங்கம்மா பார்த்திருந்தா உயிரை விட்டிருப்பா. கேட்டா, மேவிஸும் தனியா இருந்தா இப்படித்தான் சாப்பிடுவாங்கறா. நிஜமா?”

மேவிஸின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அடுத்த வாரமே பாஸ்கோ ஆற்றைக் கடந்து ஊர் திரும்பினார். இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு பேக்கரிக்கார விதவையைக் கல்யாணமும் செய்துகொண்டார்.

செய்தி வந்த அன்று நாலு மணிக்கு, மேவிஸ் வீட்டுப் பின்கதவு தட்டாமலே திறந்தது. சூடான ஸ்கோன் தட்டோடு ஈனிட் உள்ளே வந்தாள்.

“தினமும் ஒழுங்கா ஜாமைத்தானே முதல்ல தடவிக் குடுத்த? அன்னிக்கு மட்டும் எப்படிடி மறந்த? உனக்கும் இல்லாம எனக்கும் இல்லாம பண்ணிட்டியே!” என்று பாய்ந்தாள் மேவிஸ்.

ஈனிட் ஜன்னலோரம் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்து, கால் நீட்டிக்கொண்டாள்.

“மறக்கலடி. இருபது வருஷமா இது என் நாற்காலி.”