மூன்றடி குறைந்த கோர்ட்

மாதுளை வேரோடு வந்துவிட்டது.

ஜேசிபி ஒரே இழுப்பில் அதைப் பிடுங்கிப் போட்டது. அவள் சமையலறை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழிக்குள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

பார்த்தாள்.

செம்மண். இரண்டு மண்புழு. வேறொன்றும் இல்லை.

பத்து வருஷமாயிற்றே, என்ன மிச்சம் இருக்கும்?

அவள் கணவன் குழியோரம் நின்று டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தான். ஏதோ சொல்லிச் சிரிக்க வேறு செய்தான்.

பாவி. இவனெல்லாம் ஒரு அப்பனா?

மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஷட்டில் ஆடுகிறாள். அவளுக்காகத்தான் புழக்கடையில் இந்த டர்ஃப் கோர்ட். மேல்மண்ணை வழித்து, ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, அதன்மேல் பச்சைப் பசேலென்று புல்விரிப்பு. கோர்ட் வேண்டாம் என்று இவள் சொல்லவில்லை. மாதுளையை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். நட்டநடுவில் நிற்கிற மரத்தை எப்படி விடுவது என்றான். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மரத்துக்கா இவ்வளவு அழுகை என்று அவனுக்குப் புரியவேயில்லை.

மகளுக்கு முன்னால் ஒருவன் பிறந்தான். பிறந்தவன் அழவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் தையலோடு கிடந்தாள். கணவனும் அவன் அண்ணனும் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். பெற்றவளுக்கு இடத்தைக் காட்டக் கூடாதாம். சொல்லவும் கூடாதாம். அவளும் கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள்.

"நம்ம பொடக்காலியிலதான் இருக்கான்" என்றான். புழக்கடையில் எந்த இடம் என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். புழக்கடையில் இரண்டு புதிதாக இருந்தன. நடுவில் ஒரு மாதுளங்கன்று. தண்ணீர்க் குழாயருகே அகலமாய் ஒரு கருங்கல்.

கன்றைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மகன் பிறந்த நாளில், யாருக்கும் தெரியாமல், அதன் வேரில் ஒரு டம்ளர் பால் ஊற்றினாள்.

கல்லில் துணி துவைத்தாள்.

முதல்நாள் துவைத்தபோது கணவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அடுத்த வாரமே வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. அது அவளுக்குச் சரிப்படவில்லை. கல்லில் அடித்துத் துவைத்தால்தானே அழுக்குப் போகும்? அவன் மட்டும் அந்தக் கல்லருகே செருப்போடு வரமாட்டான். சோப்புத் தண்ணீர் வழுக்கிவிடும் என்று இவ்வளவு பயமா என அவள் எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறாள்.

மத்தியானம் மேஸ்திரி சென்னியப்பன் நூல் பிடித்து அளந்தார். நெட் கட்டும் கம்பத்துக்கு இரண்டரை அடி ஆழத்தில் குழி வேண்டும். ஒன்று மதில் பக்கம். இன்னொன்று கல் கிடந்த இடத்தில். அவர் கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினார்.

கணவன் கொண்டுவந்த டீ கிளாஸெல்லாம் தட்டோடு விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

அவன் ஓடினான். ஓடும்போதே செருப்பை உதறினான். கல்லின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டான்.

"வேண்டாங்ணா. இங்க தோண்ட வேண்டாம். கம்பத்த மூணடி உள்ள தள்ளிப் போடுங்க."

"மூணடி போச்சுன்னா டபுள்ஸ் ஆட எடம் பத்தாதுங்களே. ஒத்தைக்கு ஒத்தைதான் ஆட முடியும்."

"அது போதுங்ணா. எங்களுக்கு இருக்கறது ஒண்ணு..."

அவன் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாய் தோண்டிவிடக் கூடாதென்று வைத்த கல்.

மாதுளை வெறும் மாதுளைதான்.

பத்து வருஷம். எத்தனை சோப்பு நுரை, எத்தனை அழுக்குத் தண்ணீர். கோபம் வந்த நாளில் போர்வையைத் தூக்கி ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறாள். மகளின் முதல் சட்டையைக் கசக்கியதும் அங்கேதான்.

ஐயோ, என் சாமி. உன் தலைமேலா அடித்தேன்?

அவனைத் திட்ட வாயெடுத்தாள். வரவில்லை. சொன்னால் இவள் தாங்கமாட்டாள் என்றுதானே வாயை மூடிக்கொண்டிருந்தான். இவள் அடித்த ஒவ்வொரு அடியையும் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கோர்ட் தயார். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மூன்றடி மண். கல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

மகள் ஓங்கி அடித்த ஷட்டில் வளைந்து போய்க் கல்லருகே விழுந்தது. எடுக்க ஓடினாள், காலில் ஷூவோடு.

"இரு கண்ணு. அப்பா எடுத்துத் தர்றேன்."

அவன் கோட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினான்.

அடுப்பில் பால் பொங்கி வந்தது. அவள் அதை இறக்கினாள். ஒரு டம்ளரில் ஊற்றி நன்றாக ஆற்றினாள். எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவன் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த ஷட்டிலைக் கீழே போட்டான்.

அவள் கல்லருகே உட்கார்ந்தாள்.

ஊற்றுவதற்கு முன், சூடு பொறுக்குமா என்று, ஒரு சொட்டைத் தன் புறங்கையில் விட்டுப் பார்த்தாள்.