ரோட்டின் இரண்டு பாதிகள்

ஒரு ரோட்டின் இடது பாதியை முதல் நாள் போட்டார்கள். ஆறி இறுகியதும் அதற்குத் தலைக்கனம் வந்துவிட்டது. மறுநாள் வலது பாதியைப் போட வந்தவர்கள் அதன் பொலபொலத்த ஓரத்தை வெட்டி எடுத்தபோது, அது கூப்பாடு போட்டது.

“என்னை ஏன் வெட்டுறாங்க? நான் ஒருத்தியே போதும், எனக்குத் துணை வேண்டாம்!”

“மேல பாருடி, மேகம்!” என்றது ரோடு ரோலர். “இதுக்கு முன்னால இருந்த ரோடும் இப்படித்தான் சொல்லுச்சு. நடுவுல தண்ணி புகுந்து பொத்தல் பொத்தலாப் போச்சு.”

இடது பாதி பயந்துபோய் ஓரத்தை நீட்டிக் கொடுத்தது. வெட்டிய ஓரத்தில் தார் பூசினார்கள். கூச்சம் தாங்காமல் அது நெளிந்துகொண்டிருக்கும்போதே, ஆவி பறக்க வலது பாதி அதன் தோளில் வந்து விழுந்தது.

“ஐயோ அக்கா, உன் மேலேயே ஏறிட்டேன்!”

“கொதிக்கிறியேடி! தள்ளிப் போ!” என்று இடது பாதி கத்தியது. ஆனால் அந்தச் சூட்டில் அதன் ஓரமெல்லாம் இளகி, சிரிப்பு வந்துவிட்டது. வலது பாதியும் சேர்ந்து சிரித்தது.

“சூடு ஆறுறதுக்குள்ள இறுக்கிக் கட்டிக்கோங்கடி!” என்று ரோலர் தடதடவென்று ஏறியது. நசுங்க நசுங்க இரண்டு பாதிகளும் இன்னும் சிரித்தன. ரோலருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொள்ள, அது குலுங்கிக் குலுங்கிப் போவதும் வருவதுமாக இருந்தது.

சாயங்காலம் மழை கொட்டியது. தண்ணீர் ரோட்டின் நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடித் தேடியது. கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டது: “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்குக் கொஞ்சம் இடம் கிடைக்குமா?”

இடது பாதி சுற்றுமுற்றும் பார்த்தது.

“எந்த ரெண்டு பேர்?”