தும்பியும் தும்பையும்

வாய்க்கால் ஓரத்துத் தும்பைச் செடியின் மேல் ஒரு சிவப்புத் தும்பி வந்து உட்கார்ந்தது.

“என் பேரைக் கொஞ்சம் மாத்தித்தான் உனக்கு வெச்சிருக்காங்க. ஆனா எனக்கு நாலு சிறகு. உனக்கு ஒண்ணுகூட இல்லையே,” என்றது தும்பி.

“என்கிட்ட தேன் இருக்கு. எல்லாரும் என்னைத் தேடி வர்றாங்க. உன்னை யாரு தேடுறா?” என்றது தும்பை.

அப்போது ஒரு வெள்ளாடு தும்பையைக் கடிக்க வாயைத் திறந்தது.

“ஐயோ, எனக்கு ஓடத் தெரியாதே!” என்று தும்பை அலறியது.

தும்பி பாய்ந்துபோய் ஆட்டின் மூக்கில் மோதி மோதிப் பறந்தது. ஆடு பலமாகத் தும்மிவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

“ரொம்ப நன்றி,” என்றது தும்பை. கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அது தும்மினது என் வாசனையாலதான்,” என்றது.

“அப்படியா? அதோ ஒரு மாடு வருது. உன் வாசனையை நல்லா வீசு,” என்று தும்பி கிளம்பியது.

“எங்கே போறே? உட்காருப்பா!” என்றது தும்பை.